கிண்ணிச்செடிக்கு ஆசை காட்டிய கதை

செடி வாழைப்பழம் தின்னும் என்று பத்து வயதுவரை நம்பியவன் நான். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வகுப்பில் எழுந்து நின்று சொல்லவும் செய்தேன். தாவரங்கள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்று ஆசிரியை பலகையில் படம் வரைந்து, சூரியனுக்குக் கோடு கோடாகக் கதிரும் போட்டு, சந்தேகம் உண்டா என்று கேட்டார். எங்கள் வீட்டுச் செடி மட்டும் அப்படி இல்லை, அது பாளையங்கோடன் பழம் சாப்பிடும், தோலை மட்டும் விட்டுவிடும் என்றேன். அந்த வருஷம் முழுக்க மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பையன்கள் ஆளுக்கொரு பழத்தோலை என் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பழத்தைத் தின்றதே நான்தான். தின்றவனே செடி தின்றது என்று எப்படி நம்பமுடியும் என்று கேட்பீர்கள். நான் தின்றது ஒரு பழம். காணாமல் போனது இரண்டு. மற்றதைச் செடி தின்னாமல் வேறு யார் தின்றிருக்க முடியும்? என் மூளை அன்றும் இப்படித்தான் வேலை செய்தது. இன்று இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில்தான் அந்தச் சம்பளம். போன வாரம் அங்கே வேலை செய்கிற பாவனையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் வளர்க்கிற செடியைப் பூக்க வைப்பது எப்படி என்று ஒரு பெண்மணி விளக்கிக்கொண்டிருந்தாள். அன்னாசி இனத்துச் செடி பூக்காமல் அடம்பிடித்தால் நன்றாகப் பழுத்த பழத்தைப் பக்கத்தில் வைத்து, பிளாஸ்டிக் கவரால் மூடிக் கட்டிவிட வேண்டுமாம். பழத்திலிருந்து வருகிற ஏதோ வாயு பட்டால் செடி பூவெடுக்குமாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பையன் இயர்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். எங்கள் தம்பானூர் மாமாவின் வித்தை இது, இன்றைக்குத்தான் விஞ்ஞானத்துக்கு எட்டியிருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்துக்குள்ளேயே கரமனையில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், படியிறங்கினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராக இருந்தார். அப்பாவின் தங்கையான என் அத்தை அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். அத்தைக்கு முப்பது தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியிருந்தது என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வந்த வரன்களில் சிலதை அவள் வேண்டாம் என்றாள், சிலது அவளை வேண்டாம் என்றது. அப்புறம் அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நடு அறையில் அத்தைக்குக் கட்டில், கட்டிலுக்குக் கீழே எனக்குப் பாய். சாயங்காலம் அவள் கைப்பையைத் திறந்தால் எண்ணெய் ஊறிய காகிதத்தில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி இருக்கும். படுத்த பிறகு அலுவலகத்தில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். எனக்கு வகுத்தல் கணக்கு வராது என்பதை அப்பாவிடமிருந்து மறைத்து வைத்திருந்ததும் அவள்தான். அத்தை என்றால் வீட்டோடு வருகிற சாமான், கட்டில் மாதிரி, அங்கேயேதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அத்தையோடு வேலை பார்க்கிற ஒருவர் செடியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மலையாளி. பொன்முடி போகிற வழியில் விதுரையில் வீடு. பேருந்தில் அவ்வளவு தூரம் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் வெள்ளைச் சட்டையில் செம்மண் அப்பியிருந்தது. அம்மா உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. காப்பியும் வேண்டாம் என்றார். வாசற்படியிலேயே நின்று, மலையாளத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இது பூக்கும்போ பறயணம், ஞான் வந்து காணாம்."

பூக்கும்போது சொல்ல வேண்டும், வந்து பார்க்கிறேன் என்றுதான் பொருள். அத்தை தொட்டியைப் பார்த்துக்கொண்டே, பூத்தால் சொல்கிறேன் என்றாள். அவர் இறங்கிப் போனபிறகு, ஒரு செடிக்காக இவ்வளவு தூரம் வந்திருக்காரே, தங்கமான மனுஷன் என்றாள் அம்மா. அவர் செடிக்காக மட்டும் வரவில்லை என்பது இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செடியைப் பார்த்தால் அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. விறைப்பான நீள இலைகள் வட்டமாக அடுக்கி நின்றன, நடுவில் கிண்ணி மாதிரி ஒரு குழி. அந்தக் குழியில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் சொன்ன பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் கிண்ணிச்செடி என்றோம். செடி கொடுத்தவர் செடிக்காரர் ஆனார்.

அத்தை அந்தச் செடியை நடு அறையில் ட்ரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள். அந்த அறைக்குச் சன்னல் உண்டு, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். பகலிலேயே விளக்குப் போட்டால்தான் பென்சிலைக் கண்டுபிடிக்க முடியும். வெளிச்சத்தில் வைத்தால்தானே பூக்கும் என்று அம்மா நாலைந்து தடவை சொன்னாள். சமையலறைச் சன்னலில் இடமும் ஒழித்துக் கொடுத்தாள். இருக்கட்டும் மதினி, வாடிடும் என்றே அத்தை ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தாள். ஆனால் கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். கிண்ணியில் தண்ணீர் மாற்றுவாள். துடைத்து முடித்ததும் நடுக்குழிக்குள் எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு மூச்சு விடுவாள். அது ஏமாற்றத்தின் மூச்சு என்றே நான் நினைத்தேன். நிம்மதிக்கும் அதே மூச்சுதான் என்பதெல்லாம் தெரிகிற வயதா அது.

இதற்கிடையில் பள்ளிக்கூடங்களில் சமரம், அதாவது வேலைநிறுத்தம் வந்தது. திருவனந்தபுரத்தில் மழையும் சமரமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அம்மா ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அத்தை என்னைத் தன்னோடு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். செடிக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்து, பூத்தோ என்று கேட்டார்.

கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை. பூக்கவில்லை என்றேன். எப்படிப் பூக்கும், அத்தைதான் அதை வெளிச்சமே இல்லாத மூலையில் வைத்திருக்கிறாளே, அம்மா சன்னலில் இடம் கொடுத்தும் வைக்கமாட்டேன் என்கிறாள் என்று முழு அறிக்கையும் கொடுத்தேன். அவர் திரும்பி அத்தையின் இருக்கையைப் பார்த்தார். அத்தை தலையைக் கோப்புக்குள் விட்டிருந்தாள். சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"செரி. அவிடத்தன்னெ இருந்நோட்டே," என்றார். சரி, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு இன்னொரு மிட்டாய் கிடைத்தது. அக்கறையே இல்லாத மனுஷன், கொடுத்த செடி இருட்டில் கிடக்கிறது என்றால் ஒரு கோபம் வேண்டாமா என்று நினைத்தபடி இரண்டாவது மிட்டாயையும் தின்றேன்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நனைந்த குடையை மடக்கி வைத்துக்கொண்டே அத்தை அம்மாவிடம், செடி தந்த சாருக்குக் காசர்கோட்டுக்கு மாற்றல் வந்திருக்கிறது என்றாள். காசர்கோடு எங்கள் ஊருக்கு நேர் எதிர் முனை. கேரளம் அங்கே முடிகிறது. ஓணம் கழிந்ததும் போய்ச் சேர வேண்டுமாம். அம்மா ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளினாள். அத்தை கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். அன்றைக்குப் பழம்பொரி இல்லை. அலுவலகச் சண்டையும் இல்லை. தலைவலி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாயில் படுத்தபடி நான் ஒரு முடிவெடுத்தேன். பாவம், அந்த மனிதர் பூவைப் பார்க்காமலே போகப்போகிறார். அத்தைக்கும் அதுதான் வருத்தம். போவதற்குள் இதை நான் பூக்க வைத்துவிட வேண்டும். இரண்டு பெரியவர்களின் வருத்தத்தை ஒரே செடியால் தீர்க்கப்போகிற பெருமையில் எனக்கு வெகுநேரம் தூக்கமே வரவில்லை.

இந்த மாதிரிக் காரியங்களுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே நிபுணர்தான். அம்மாவின் தம்பி. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே, லாட்ஜ் ஒன்றின் கீழே பழச்சாறுக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரிந்ததில் எது சரி என்பதுதான் அவருக்குத் தெரியாது. நான் பிரச்சினையைச் சொன்னதும் நடு அறைக்கு வந்து, செடியைச் சுற்றிப் பார்த்து, கிண்ணியில் விரலை விட்டுப் பார்த்து, மீன் விலை கேட்கிறவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"லே, செடியும் நம்மள மாதிரித்தான். பக்கத்துல ஒருத்தன் பழுத்து நிக்கதைப் பாத்தாத்தான் நாமளும் என்னமாச்சும் செய்யணும்னு அதுக்குத் தோணும். தனியா இருட்டுல உக்காத்தி வச்சா என்னத்தப் பூக்கும்? ஆசை காட்டணும்லே."

அவர் கடையில் காய் வாழைத்தாருக்குப் பக்கத்தில் பழுத்த தாரைத் தொங்கவிட்டால், காயெல்லாம் பொறாமையில் பழுத்துவிடுமாம். எனக்கு அந்தப் பொறாமை உடனே புரிந்தது. அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கறுப்புப் புள்ளி விழுந்த மூன்று பாளையங்கோடன் பழத்தைத் தொட்டியைச் சுற்றி வைத்தோம். ஜவுளிக்கடைக் கவர் ஒன்றைச் செடியோடு கவிழ்த்து, தொட்டியின் கழுத்தில் சணல் கயிறு போட்டு மாமா கட்டினார்.

அத்தை வந்து பார்த்தாள். யார் செய்தது என்று கேட்டாள். மாமா அதற்குள் சமையலறையில் காப்பி கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான், சார் போவதற்குள் பூப்பதற்காக என்றேன். அத்தை கவரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவள் கை நீண்டது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கை என்னைத் தாண்டிப் போய், நெகிழ்ந்திருந்த முடிச்சை இழுத்து இறுக்கியது.

"கவரைக் கிழிச்சிராத, என்னா," என்றாள்.

இனி அம்மாவுக்கு வருவோம். அம்மா மறுநாள் அறையைப் பெருக்க வந்தாள். இருட்டு அறை, மூடிக் கட்டிய தொட்டி, உள்ளே பழம், அறைக்குள் ஏதோ செய்துவிட்டுப் போன தம்பி. எங்கள் ஆட்களுக்கு இந்த நாலையும் கூட்டினால் ஒரு விடைதான் வரும். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்கு யாரோ ஜோசியர் பரிகாரம் சொல்லியிருக்கிறார், தம்பி கேட்டு வந்து ரகசியமாகச் செய்திருக்கிறான். பரிகாரத்தை வாய்விட்டுக் கேட்டால் பலிக்காது என்பதால் அம்மா யாரையும் கேட்கவில்லை. தன் பங்குக்குத் தொட்டியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டு, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு மாமியைக் கூட்டிவந்து காட்டினாள். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் தங்கைக்குப் பலித்தது என்று ஒரு மஞ்சள் கயிற்றையும் கொண்டுவந்து தொட்டிக்குக் கட்டினாள். அத்தை இதையெல்லாம் பார்த்தாள். மறுத்துச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தாளோ என்னவோ, பேசாமல் இருந்துவிட்டாள். எனக்கோ, நம்முடைய விஞ்ஞான முயற்சிக்கு வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று உச்சி குளிர்ந்தது.

பழ வாசனை அறையை நிறைத்தது. கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிற பத்து வயதுப் பையனின் மூக்குக்கு நேரே அந்த வாசனை. ஒரு நாள் கவரின் ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டேன். ஒரு பழம்தான். தோலை ஒழுங்காக மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அடுத்த ஞாயிறு மாமா சோதனைக்கு வந்தார். நான் காப்பி வாங்கிக்கொண்டு அறைக்குள் வந்தபோது இரண்டு தோல் இருந்தது. மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, செடி சாப்பிட ஆரம்பித்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றார். கொசு மாதிரிப் பழ ஈக்கள் அவர் தலையைச் சுற்றின. அம்மா கதவோரம் நின்று கைகூப்பினாள்.

கவரைப் பிரித்தோம். ஒன்றும் இல்லை. கிண்ணிக்குள் அதே பச்சை, அதே தண்ணீர், செத்த ஈ ஒன்று. மாமா அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நடு அறைப்பக்கம் வராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆவணி பிறந்தது. ஓணத்துக்காகத் தெருவெல்லாம் அத்தப்பூக்களம் என்று பூக்கோலம் போட்டார்கள். ஊர் முழுக்கப் பூவாகக் கிடக்க, எங்கள் வீட்டுச் செடி மட்டும் வெறும் இலையோடு நின்றது எனக்குத் தனிப்பட்ட அவமானமாக இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் ட்ரங்குப் பெட்டியின் மேல் செடி இல்லை. சமையலறைச் சன்னலில் மஞ்சள் கயிறும் குங்குமமுமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கேட்டேன். பரிகாரப் பொருளை நான் ஏன் தொடப்போகிறேன் என்று அம்மா பதறினாள். அப்பா எங்கள் வீட்டில் செடி இருப்பதையே கவனித்திராதவர். மிச்சம் யார் என்று யோசித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. செடி தானாக நடந்து போனது என்றே நம்பியிருப்பேன். பழம் தின்கிற செடிக்கு நடக்கத் தெரியாதா என்ன.

ஓணம் முடிந்தது. செடிக்காரர் அலுவலகத்தில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார், மறுநாள் சாயங்கால வண்டியில் வடக்கே போகிறார் என்று அத்தை சொன்னாள். அந்த மறுநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டே சன்னலில் எட்டிப் பார்த்தேன். கிண்ணியின் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து, நாக்கு நுனி மாதிரிச் சிவப்பாக ஏதோ தலைநீட்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். குங்குமம் விழுந்திருக்கும் என்றாள். தண்ணீரைக் கவிழ்த்து, வேறு தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். சிவப்பு போகவில்லை.

நான் போட்ட சத்தத்தில், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்த அத்தை மூடியைக் கையில் பிடித்தபடியே வந்தாள். பார்த்தாள். அப்படியே அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ச் சாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையைத் தேடினேன்.

"நீ சொல்லாண்டாம். நாஞ் சொல்லிக்கிடுதேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. யோசனை மாமாவுடையது, உழைப்பு என்னுடையது, பெயர் வாங்கப்போவது இவளா என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பொருமினேன். சாயங்காலம் அத்தை சீக்கிரமே வந்து, புடவை மாற்றி, பின்னிய தலையைப் பிரித்து மறுபடியும் பின்னி, மாமா கடையில் ஜூஸ் வாங்கித் தருகிறேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு தம்பானூருக்குப் புறப்பட்டாள். தூறிக்கொண்டிருந்தது. மாமா ஆளுக்கொரு பப்பாளிச் சாறு கொடுத்தார். அத்தை தன் டம்ளரைத் தொடவில்லை. ஆட்டோக்களும் பேருந்துகளும் குடைகளும் முட்டிக்கொள்கிற அந்தச் சாலையை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் வந்தார். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குடை. வண்டிக்கு நேரமாகிவிட்டவரின் நடை. அத்தை தெருவில் இறங்கி அவர் எதிரே போய் நின்றாள். நானும் டம்ளரோடு பின்னாலேயே போனேன். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் உதடு அசைய ஒத்திகை பார்த்தவள், மலையாளத்தில் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"பூத்து."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அது சேற்றுத் தண்ணீரில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் உண்மைக்கு ஒரு பங்கம் வரக்கூடாது என்று, முழுசாகப் பூக்கவில்லை சார், நுனி மட்டும்தான் தெரிகிறது என்றேன். அத்தை என் முழங்கைக்கு மேலே கிள்ளிய கிள்ளு அடுத்த ஓணம் வரைக்கும் இருந்தது.

வந்து பார்க்கட்டுமா என்று அவர் கேட்டார். வரலாம் என்று அத்தை தலையாட்டினாள். அவ்வளவுதான். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குள் போனார், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு. அத்தை கடைக்கு வந்து, ஆறிப்போன காப்பியைக் குடிக்கிற மாதிரி அந்தப் பப்பாளிச் சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள். மாமா முதல் தடவையாக ஒரு கருத்தும் சொல்லாமல் டம்ளரை வாங்கிக் கழுவினார்.

காசர்கோட்டில் போய்ச் சேர்ந்து, விடுப்பு வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் பூ நன்றாக எழும்பி, தாமரை மொட்டைத் தீயில் வாட்டினது மாதிரி ஒரு சிவப்பில் நின்றது. நான் அதை முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்த்தி, தலைவாரி, பவுடர் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கண்காட்சியில் பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. அவர் உள்ளே வந்தார். பூவைப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றார். உடனே அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பூவுக்காகப் பட்ட பாட்டையெல்லாம் நினைத்தேன். பூ அடியிலிருந்து எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும், ஓரத்தில் நீலமாக ஒன்று இருக்கிறது அதையும் பார்க்க வேண்டும் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா முதல் தடவையாகச் செடியைக் கவனித்தார். பிறகு அவரைக் கவனித்தார்.

"செடியப் பாக்கத்தானே சார் வந்திய?"

"அல்ல," என்றார் செடிக்காரர்.

அதன்பிறகு அவர் பேசியது தமிழில். வண்டியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் போல, ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். அப்பா யோசிக்கிறேன் என்றால் இல்லை என்று பொருள். வேறு மொழி, வேறு ஆட்கள், ஊரில் என்ன சொல்வார்கள் என்று நாலைந்து நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இலையைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

பேசியது அம்மா. அப்பாவை எதிர்த்து எதுவும் சொல்லாத அம்மா, அன்றைக்குச் சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "பரிகாரம் செஞ்சு வந்த வரனைத் திருப்பி அனுப்பினா குடும்பத்துக்கு ஆகுமா? செடியே பூத்துக் காட்டிட்டு. இதுக்கு மேல சாமி நேர்ல வந்து சொல்லணுமா உங்களுக்கு?"

கீழ்வீட்டு மாமியும் சாட்சி சொன்னாள். கணக்குப் பேரேட்டோடு மல்லுக்கட்டத் தெரிந்த அப்பாவுக்குச் சாமியோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. பரிகாரம் எதுவுமே நடக்கவில்லை, அது மாமாவின் வாழைப்பழம் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே பழைய இடம் வலிக்கிற மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடியது அது ஒரு தடவைதான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இலைக்கு உப்பு வைக்கிற பொறுப்பு எனக்கு. பாயசம் மூன்று தடவை. செடிக்காரரை இனி மாமா என்று கூப்பிட வேண்டும் என்றார்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கல்யாணமாகி நாலாம் நாள் எல்லோரும் ரயில் நிலையத்துக்குப் போனோம். பெட்டி ஏற்றினார்கள், ஒரு தகர டப்பாவில் கிண்ணிச்செடியின் அடியில் கிளைத்த சின்னக் கன்று ஒன்றையும் ஏற்றினார்கள். அத்தை ஏறினாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தே எப்போ இறங்குவ, வண்டி புறப்படப் போகுதே என்றேன். அத்தை என் தலையைக் கம்பிக்குள்ளிருந்து கைநீட்டித் தடவினாள். வண்டி நகர்ந்தது. அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பூத்தால் அவர் பார்க்க வருவார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பூத்தால் அத்தை போய்விடுவாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மூன்று பழத்தையும் தோலோடு நானே தின்றிருப்பேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் ஏறிப் படுக்கலாம், இனி அது உன்னுடையது என்றார்கள். நான் கீழே பாயிலேயே படுத்தேன். சமையலறைச் சன்னலில் அந்தப் பூ பங்குனி வரைக்கும் வாடாமல் நின்றது. வாழை மாதிரித்தான் அதுவும். பூத்து முடித்த தாய்ச்செடி மெல்ல மஞ்சளாகிச் சாய்ந்தது. பூத்ததா என்று கேட்க ஆளில்லாமல், நானும் அந்தப்பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

அத்தையும் செடிக்கார மாமாவும் இப்போது ஓய்வுபெற்று விதுரையில் இருக்கிறார்கள். போன வாரம் அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்து முடித்ததும் அத்தைக்குத்தான் போன் போட்டேன். வாழைப்பழத்துக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது, உங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நான்தான் என்று நிரூபணமாகிவிட்டது, இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு நன்றி சொல்லக்கூடாதா என்று அளந்தேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது, அத்தை சிரிக்கவில்லை. சரி, இதையாவது சொல்லு அத்தே, அன்னைக்கு நான் பழம் வைக்காம, அந்தச் செடி பூக்காமலே இருந்திருந்தா, தம்பானூர்ல அவர்கிட்ட என்ன சொல்லியிருப்ப என்று கேட்டேன்.

"பூத்துன்னுதான் சொல்லியிருப்பேன், போனை வைய்யி."